இருநூற்று அறுபது குதிரை

இன்றைக்கும் யாராவது என் எதிரில் ஒரு காரின் வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மருமகன் புது வண்டி வாங்கிய உற்சாகத்தில் ஒரு நாள், “மாமா, நூறைத் தொட பத்தே செகண்டுதான்” என்றான். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். பாவம், அவன்மேல் தப்பில்லை. செகண்டுக் கணக்கை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் வேறொருவர்.

அவருக்கு விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் தொழிற்சாலை இருந்தது. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டரும் வீட்டு ஃபியூஸும் செய்தோம். நாற்பது பேருக்கு வேலை. பாதிக்கு மேல் பெண்கள். நான் சரக்கு வேன் ஓட்டினேன். வேன் ஓடாத நேரத்தில் சூளையில் சரக்கு அடுக்குவேன். எட்டு வருஷம் அவரிடம் இருந்தேன். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்போம். இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்க முடிந்தால் எனக்கு நிம்மதி. முடியாது. சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார். கம்மாபுரத்தில் என் அம்மா இறந்தபோது கொட்டுகிற மழையில் சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தார். இதையெல்லாம் முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவே எனக்கு எரிச்சல்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும், அந்த ஜப்பான் கார் வந்தது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்த வண்டி. சென்னையில் ஒரு தரகர் மூலமாக இவர் கைக்கு மாறியது. முத்து வெள்ளை நிறம். உள்ளே பால்கோவா நிறத்தில் தோல் சீட்டு. பழமலைநாதர் கோயில் வாசலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, தொழிற்பேட்டைக்கு ஓட்டி வந்தார். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தோம். பெண்கள் கையெல்லாம் களிமண். அதோடு வண்டியைத் தொட்டுவிடுவார்களோ என்று அவர் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

வண்டியோடு ஒரு ஆங்கிலப் புத்தகமும் வந்திருந்தது, கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குப் போடுவானே, அது. அதை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். பிறகு தினமும் பத்தரை மணி டீக்கு எங்களுக்குப் பாடம். பானட்டைத் திறந்து வைத்துக்கொள்வார். ஒரு கையில் டீ கிளாஸ்.

“இந்தக் கம்பெனிக்காரன் மொதல்ல மலிவு வண்டிதான் செஞ்சான். ரிப்பேர் ஆவாத வண்டின்னு பேரு, அவ்ளோதான். பெரிய பணக்காரன்லாம் ஜெர்மன் வண்டிக்குப் போயிடுவான். ஜப்பான்காரனுக்கு ரோஷம் வந்துடுச்சி. தனியா ஒரு பேரு வச்சான், தனியா ஷோரூம் தொறந்தான். ஜெர்மன் வண்டிய வாங்கியாந்து நட்டு நட்டா கழட்டிப் பாத்துட்டு, அதுக்கு மேல ஒண்ணு செஞ்சான். அதான் இது. வெளிய பாத்தா குடும்பஸ்தன், உள்ள பாத்தா ரேஸ்காரன். வண்டின்னா இதான் வண்டி.”

அப்புறம் கணக்கு வரும். ஆறு சிலிண்டர். இருநூற்று அறுபது குதிரைச் சக்தி. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட ஏழு செகண்டு. எஞ்சினைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருக்கிறான், அதனால் முன்னால் பாதி எடை, பின்னால் பாதி எடை, வளைவில் எவ்வளவு வேகத்தில் திரும்பினாலும் தரையைக் கவ்விப் பிடிக்கும். தள்ளுவது பின் சக்கரம். கடைசியாக, “பாண்டிக்கு ஒன்றரை மணி நேரம்ப்பா. நம்ம ஊர் டாக்சிக்காரன் ரெண்டரை மணி நேரம் உருட்டுவான்” என்று முடிப்பார்.

இந்தப் பாடத்தை உண்மையாகவே ரசித்துக் கேட்டவள் செல்வி ஒருத்திதான். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அக்காவோடு காலை பஸ்ஸில் வருவாள். காயாத இன்சுலேட்டரின் பிசிறைச் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவள் வேலை. மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் அவள் இரண்டு முடிப்பாள். கை அப்படி ஓடும். ஒரு நாள் அவள் கேட்டாள், “ஏன் சார், குதிரைன்னா முன்னால இல்ல கட்டுவாங்க? இது பின்னாலேர்ந்து தள்ளுதுன்னு சொல்றீங்களே, அது எந்த ஊரு குதிரை?”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவளுக்கு விளக்குவதற்கென்றே டீ நேரத்தைப் பத்து நிமிஷம் நீட்டினார். ஒரு மாதத்தில் செல்விக்கு எல்லாக் கணக்கும் அத்துப்படி. அவர் இல்லாதபோது ஸ்பாஞ்சை டீ கிளாஸ் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, “வண்டின்னா இதான் வண்டி” என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.

சரி, அந்த வண்டியை அவர் எப்படி ஓட்டுவார்? முப்பது. ரோடு வெறிச்சோடிக் கிடந்தால் நாற்பது. வேறு யாரையும் ஸ்டியரிங்கில் உட்கார விடமாட்டார். ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகும்போது டவுன் பஸ் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும். ஒதுங்கி வழி விடுவார். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் போகிற பெண்கள் அவரைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், “இந்த ரோட்டுல இந்த வண்டிய ஓட்டுறது பாவம்ப்பா” என்பார்.

இதைவிடக் கூத்து வேகத்தடை. வண்டி தாழ்வானது. மேட்டில் ஏறினால் அடிவயிறு உரசும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காயாத சரக்கை அடுக்கித் தூக்கிப் போகிற பலகைகள் எங்களிடம் நிறைய இருக்கும். அதில் கனமானதாக நாலு எடுத்து டிக்கியில் போட்டுக்கொண்டார். வேகத்தடை வந்தால் வண்டி நிற்கும். கூட வந்த ஆள் இறங்க வேண்டும். மேட்டுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பலகையைச் சாய்த்துப் போட வேண்டும். வண்டி அதன்மேல் மெல்ல ஏறி இறங்கும். பலகையை எடுத்து டிக்கியில் வைத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். கூட வந்த ஆள் பெரும்பாலும் நான்தான்.

எங்கள் தொழிலில் சூளைக்குப் போகாத சரக்கை அப்படித்தான் தூக்குவோம். தட்டினால் போயிற்று, எனவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்போம். அவர் இரும்பு வண்டியையும் அப்படித் தூக்கிக்கொண்டு அலைந்தார். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முதலாளிக்கு ஒரு கிறுக்கு இருந்தால் என்ன, நமக்குச் சம்பளம் வருகிறது என்று இருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை. களிமண் பிசையும் மெஷினில் மண் தள்ளுகிறவர் வரவில்லை. செல்வி அந்த வேலைக்கு நின்றாள். மெஷினின் வாய்க்கு ஒரு மூடி உண்டு. மண் தள்ள இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைத்துத்தான் நாங்கள் ஓட்டுவோம், அது எங்கள் வழக்கம். ஒன்பது மணிக்கு அவள் வலது கை உள்ளே போய்விட்டது.

மெஷினை நிறுத்தி, திருப்பிச் சுற்றி, கையை வெளியே எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த விவரத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எலும்ப அப்புறம் பாக்கலாம். ரத்தக் குழாய் அறுந்திருக்குது. அடிபட்டதுலேர்ந்து ஆறு மணி நேரத்துக்குள்ள அதச் சேத்தாகணும், இல்லன்னா கை செத்துடும். பாண்டியில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, நான் போன் பண்ணிச் சொல்றேன். நீங்க உடனே கெளம்புங்க.”

ஒன்பது மணியோடு ஆறைக் கூட்டினால் மூன்று மணி. அப்போது நூற்றெட்டு ஆம்புலன்ஸெல்லாம் வரவில்லை. ஸ்டாண்டிலிருந்து ஓர் அம்பாசிடர் டாக்சியைக் கூட்டி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்தேன். மணி பதினொன்றரை. டாக்சிக்காரர் பின் கதவைத் திறந்து துண்டை விரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் சாருடைய வெள்ளை வண்டி வந்து நின்றது.

“எதுக்கு டாக்சி? என் வண்டி இருக்கும்போது?” என்றார்.

டாக்சிக்காரர் என்னைப் பார்த்தார். “ரெண்டு மணிக்குள்ள சேத்துடுறம்ப்பா, ஏத்து” என்றார்.

நான்தான் சொன்னேன். “வேணாண்ணே. நீங்க போங்க. சார் வண்டி ஒன்றரை மணி நேரத்துல போயிடும்.”

என் வாயால் சொன்னேன். முப்பதுக்கு மேல் போகாத வண்டி, வேகத்தடைக்குப் பலகை போடுகிற வண்டி. போட்டவன் நான். ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு நினைவில் வந்தது டீ நேரத்துக் கணக்குத்தான். ஒரு வருஷமாகத் தினமும் காதில் ஓதினால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. அவசரம் என்று வந்தால் அந்தக் குதிரைகள் ஓடும் என்று நம்பினேன். செல்வியும் அவள் அக்காவும் நம்பினார்கள். டாக்சி திரும்பிப் போயிற்று.

செல்வியும் அக்காவும் பின் சீட்டில். நான் முன்னால். ஊர் எல்லை தாண்டுவதற்குள் முதல் வேகத்தடை. வண்டி நின்றது. நான் கதவைத் திறந்து இறங்கி, டிக்கியைத் திறந்து, பலகையைப் போட்டேன். வண்டி ஏறி இறங்கியது. பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இரண்டாவது வேகத்தடையில் நான் இறங்கவில்லை. “அப்படியே ஏத்துங்க சார்.”

“அடி தட்டிடும்ப்பா.”

“தட்டட்டும் சார்!”

அவர் வண்டியை நிறுத்தி, தானே இறங்கிப் பலகையைப் போட்டார். தானே எடுத்து வைத்தார். உளுந்தூர்பேட்டை போய்ச் சேர்வதற்குள் இப்படி எத்தனை முறை நின்றது என்று எனக்கு எண்ணிக்கை விட்டுப் போயிற்று. பின் சீட்டிலிருந்து செல்வி முனகிக்கொண்டே கேட்டாள், “அண்ணா, நாம எப்பண்ணா கெளம்புவோம்?” வண்டி நகர்வது அவளுக்குத் தெரியவில்லை.

உளுந்தூர்பேட்டை தாண்டினால் பெரிய ரோடு. அங்கே வேகத்தடை இல்லை. பள்ளம் இல்லை. இதற்குமேல் சாக்கு எதுவும் இல்லை என்று நினைத்தேன். முள் அறுபதைத் தொட்டது. அப்போது ஒரு லாரி ஹாரன் அடித்தபடி பக்கத்தில் கடந்து போனது. அவர் சடாரென்று பிரேக் போட்டு ஓரம் கட்டிவிட்டார். வண்டி நின்ற பிறகும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ரோட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அந்த மனிதர் தன் வண்டியைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தார். ஏழு செகண்டு என்று சொன்ன அந்த வேகத்தை அவர் ஒரு நாள்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

“எறங்குங்க சார். நான் ஓட்டுறேன்.”

“வண்டி சூடாவுதுப்பா. கொஞ்சம் ஆறட்டும்.”

“சார், மணி ஒண்ணாவுது. மூணுக்குள்ள போவணும். சாவியக் குடுங்க.”

“இது உன் வேன் இல்ல. உனக்குப் பழக்கமில்ல.”

எனக்குப் பயமாக இருக்கிறது, நீ ஓட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஒரு வருஷம் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும். அந்த மானத்துக்காக ஒரு பெண்ணின் கை அங்கே வெயிலில் ரோட்டோரம் செத்துக்கொண்டிருந்தது. என்னாலும் அவரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ள முடியவில்லை. எட்டு வருஷம் சார் சார் என்று குனிந்த உடம்பு. கெஞ்சத்தான் தெரிந்தது. அவர் மறுபடி கிளப்பி, முப்பதில் உருட்டினார். செல்வியின் அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விழுப்புரம் வந்தபோது மணி இரண்டரை. ஒரு சிக்னலில் வண்டி நின்றதும் நான் இறங்கி, எதிர்ப்பட்ட ஒரு கல்யாண வேனின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். வேன்காரன் திட்டினான். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே இருந்த சனங்களை அங்கேயே இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டான். யார் பெற்ற பிள்ளையோ. செல்வியை வேனில் படுக்க வைத்துவிட்டு ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். சார் பின் கதவைத் திறந்து, குனிந்து, கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாண்டி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மூன்றே முக்கால். உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் நல்ல மனிதர், சின்ன வயசு. “ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தா முயற்சி பண்ணியிருப்போம்” என்றார். மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. பயம் யாருக்குத்தான் இல்லை? மனிதர் பயந்துவிட்டார் என்று ஒரு நாள் மன்னித்திருப்பேன். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார், பார்க்கவும் வந்தார், செல்வியின் தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஒரு மாதம் கழித்து, பத்தரை மணி டீக்கு, சரக்கு வாங்க வந்திருந்த இரண்டு பேரை நிற்க வைத்து மறுபடி பானட்டைத் திறந்தார். ஆறு சிலிண்டர். இருநூற்று அறுபது குதிரை. அப்புறம் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

“நம்ம பொண்ணு ஒண்ணு மெஷின்ல கைய விட்டுடுச்சி. இந்த வண்டி மட்டும் இல்லன்னா அன்னைக்கி உசுரே போயிருக்கும். நான்தான் ஓட்டினேன். விருத்தாசலத்துலேர்ந்து பாண்டி, ஒன்றரை மணி நேரம்! கேளுங்க, இதோ இவனும் கூட இருந்தான்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். செல்வியின் அக்காவும் நின்றாள். நான் டீயைக் குடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை செல்வி என் வீட்டுக்கு வந்தாள். முந்தானையால் வலது கையை மூடியிருந்தாள். இடது கையில் ஒரு வெள்ளைத்தாள். “கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும். இடது கையில எனக்கு எழுத வராது இல்ல, நீங்க வாங்கண்ணா” என்றாள்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். யாராவது அநியாயம் செய்துவிட்டால், கேட்க நாதியில்லை என்றால், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ச் சாமிக்கே புகார் எழுதுவார்கள். இன்ன ஊரைச் சேர்ந்த நான், இன்னார் எனக்குச் செய்தது இது, விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். சாமி காலடியில் வைத்து வாங்கி, அங்கேயே இருக்கிற முனியப்பர் வேலில் நூலால் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் நியாயம் கிடைக்கும் என்பார்கள். கிடைத்ததும் வந்து, பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னால் சொல்ல முடியாததைச் சாமியாவது கேட்கட்டும் என்று கிளம்பினேன். கோயிலில் ஒரு தூணோரம் உட்கார்ந்து எழுதினேன். அவர் பெயரையும் அப்பா பெயரையும் தொழிற்சாலை விலாசத்தையும் அழுத்தி அழுத்தி எழுதினேன், தாளின் பின்பக்கம் தடம் தெரிகிற அளவுக்கு. என்ன கேட்கிறாய் என்றேன்.

“கை கேக்கல. கை வராதுன்னு தெரியும். ஒன்றரை மணி நேரம்னு சொன்னாரே, அது பொய்யின்னு சொல்லணும். எம்மாம் நேரம் ஆச்சின்னு எல்லாரும் கேக்க வாயால சொல்லணும். என் கை எப்பிடிப் போச்சின்னு நாலு பேருக்குத் தெரியணும். அவ்ளோதான்.”

எழுதினேன். “முடிச்சிடலாமா?”

“இன்னொரு பேரு இருக்குண்ணா.”

“யாரு?”

“நீங்கதாண்ணா.” அவள் குரலில் கோபமே இல்லை. “டாக்சி வந்து நின்னுச்சி. திருப்பி அனுப்பினது நீங்க. அவரு பொய் சொல்றப்ப பக்கத்துல நின்னுகிட்டு டீ குடிச்சீங்களாமே, அக்கா சொன்னா. சாமிக்கி எழுதுறதுல ஒருத்தர உட்டுட்டு ஒருத்தர எழுதக் கூடாது இல்ல?”

அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். அழுத்தி எழுத முடியவில்லை. அவள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சரியா தெரியல, இன்னொரு தடவ எழுதுங்க” என்றாள். மறுபடி எழுதினேன். வேலில் தாளை நான் சுற்றிப் பிடித்துக்கொள்ள, இடது கையாலும் பல்லாலும் நூலை இழுத்து அவள் முடிச்சுப் போட்டாள்.

மறுநாளே வேலையை விட்டேன். அவர் வண்டியை அடுத்த வருஷம் விற்றார். போன ஆடியில் இறந்துபோனார். கடைசி வரைக்கும் ஒன்றரை மணி நேரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். சாவுக்கு நான் போகவில்லை. செல்வி பிராதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. அதில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் தப்பித்துப் போய்விட்டார். மிச்சம் இருப்பது நான்.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலே கால் மணி நேரம் ஆயிற்று. கிளம்பும்போது வாசலில் டாக்சி நின்றது; அதைத் திருப்பி அனுப்பியவன் நான்.